ஒரே பிளான், ரெண்டு விமானம்: 41 கிராம் எங்கிருந்து வந்துச்சு?

(காட்சி: மேசைமேல் ரெண்டு மஞ்சள் விமானங்கள். நடுவில் ஒரு சின்னத் தராசு.)

இந்த ரெண்டு விமானத்தையும் நல்லாப் பாருங்க. ரெண்டும் பைப்பர் ஜே-3 கப். ஒரே பிளானை வச்சு நானே கட்டினது. இடது பக்கம் இருக்கிறது ஷோரூம்ல நிக்கிற புது கார் மாதிரி மின்னுது. வலது பக்கம் இருக்கிறதை வெளிச்சத்துக்கு நேரா தூக்கினா, உள்ள இருக்கிற விலாவெல்லாம் ஒண்ணொண்ணா எண்ணலாம்.

இப்ப தராசுல வைக்கிறேன். மின்னுறது 92 கிராம். மத்தது 51 கிராம்.

அந்த 51 கிராம் விமானம், வயித்துல ஒரு ரப்பர் வளையத்தை முறுக்கி விட்டா அரை நிமிஷத்துக்கு மேல வட்டமடிச்சுட்டு வந்து இறங்குது. அந்த 92 கிராம் விமானமும் பறந்துச்சு. என் கையிலிருந்து தரை வரைக்கும்.

நடுவுல இருக்கிற 41 கிராம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கிச்சு? அந்தத் திருடனைத் தேடிப் போறதுதான் இன்னைக்குக் காணொளி. பிளானை விரிக்கிறதுல ஆரம்பிச்சு, மரம், பசை, தாள், நிறம் வரைக்கும் ஒவ்வொரு படியிலயும் தராசு நம்மகூடவே வரும்.

முதல்ல, நிஜ விமானத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. 1930-ல அமெரிக்காவுல, பென்சில்வேனியா மாநிலத்துல இருக்கிற பிராட்ஃபோர்டு ஊர்ல டெய்லர் கம்பெனி ஒரு சின்ன விமானம் செஞ்சாங்க. அதுல மாட்டிப் பார்த்த முதல் எஞ்சினுக்குப் பேர் 'டைகர் கிட்டன்'. புலிக்குட்டி. அதனால விமானத்துக்கு 'கப்'னு பேர் வச்சாங்க, குட்டின்னு அர்த்தம். எஞ்சினுக்கு பலம் பத்தல, கழட்டிட்டாங்க. பேர் தங்கிடுச்சு. 1937-ல அந்தத் தொழிற்சாலை தீப்பிடிச்சது. அதுக்குள்ள கம்பெனிக்கு முதலாளி ஆகியிருந்த வில்லியம் பைப்பர், லாக் ஹேவன்ங்கிற ஊர்ல மூடிக்கிடந்த ஒரு பட்டு ஆலைக்கு வேலையை மாத்தினார். 1947 வரைக்கும் கிட்டத்தட்ட 20,000 ஜே-3 விமானங்கள் வந்துச்சு. இந்த மஞ்சள் நிறத்துக்கே 'லாக் ஹேவன் மஞ்சள்'னுதான் பேர்.

முதல் தடவை பிளான் பார்த்துக் கட்டுறவங்களுக்கு நான் கப்பைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இறக்கை உடம்புக்கு மேல இருக்கு, அதனால தானா நிலைச்சு நிக்கும். பக்கவாட்டு ரெண்டும் தட்டை. கோடு பெரும்பாலும் நேர்கோடு. எல்லாத்துக்கும் மேல, நிஜ கப்பே ஒரு சட்டத்துமேல துணியைப் போர்த்தி, டோப்ங்கிற பூச்சு அடிச்சு இறுக்கினதுதான். நாம துணிக்குப் பதிலா தாளைப் போர்த்துறோம். தகடு போர்த்தின ஸ்பிட்ஃபயரைத் தாள்ல செய்யணும்னா நடிக்கணும். கப்புக்கு அந்த நடிப்பு தேவையில்ல.

இப்ப ஒரு கணக்கு. நம்ம மாதிரி 16-ல ஒரு பங்கு. நிஜ கப்போட இறக்கை முனைக்கு முனை 10.74 மீட்டர். 16 ஆல வகுத்தா 67 சென்டிமீட்டர். சரி, எடையையும் 16 ஆல வகுக்கலாமா? கூடாது. நீளம் 16-ல ஒரு பங்கு ஆகும்போது அகலமும் உயரமும்கூட 16-ல ஒரு பங்கு ஆகுது. அப்போ 16 தடவை 16 தடவை 16. மொத்தம் 4096. ஆள் ஏறாத, பெட்ரோல் ஊத்தாத நிஜ கப் சுமார் 345 கிலோ. 4096 ஆல வகுத்தா 84 கிராம்.

புரியுதா? எஃகுக் குழாய், எஞ்சின், சீட் எல்லாம் இருக்கிற நிஜ விமானத்தைச் சுருக்கினா 84 கிராம். நான் வெறும் மரமும் தாளும் வச்சுக் கட்டினது 92 கிராம். நிஜ விமானத்தைவிட கனமான பொம்மை!

எடை கூடினா என்ன ஆகும்? அதே இறக்கை அதிக எடையைத் தூக்கணும்னா வேகமாப் போகணும். ரப்பரையும் சேர்த்து இந்த ரெண்டுக்கும் கணக்குப் போட்டா, கனமானது கால் பங்குக்கு மேல கூடுதல் வேகத்துல போனாத்தான் காத்துல நிக்கும். அதுக்குத் தேவைப்படுற சக்தி ரெண்டு மடங்கைத் தாண்டுது. ரப்பர் வளையம் அவ்வளவு தராது.

சரி, பிளானை விரிப்போம்.

(காட்சி: மேசைமேல் விரித்த பிளான். பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல்.)

பிளான்ல மூணு பார்வை இருக்கும்: பக்கத்திலிருந்து, மேலிருந்து, முன்னாலிருந்து. பிளேடைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி முழுக்க பிளானை மட்டும் படிங்க. குறுக்கே வெட்டின மாதிரி காட்டியிருக்கிற சின்னச் சதுரம் ஒவ்வொண்ணும் ஒரு குச்சியோட முனை. அம்புக்குறி இருந்தா, மரத்தோட நார் அந்தத் திசையில ஓடணும்னு அர்த்தம். எதுக்குமேல எது உட்காருது, எதை முதல்ல ஒட்டினா எது உள்ள போகாதுன்னு மனசுலயே ஒரு தடவை கட்டி முடிச்சிருங்க.

அடுத்தது, பிரிண்ட். என் முதல் விமானத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில பிளான் எடுத்தேன். இறக்கைத் தாள் முழு அளவுல வந்துச்சு. உடம்புத் தாளைக் கடைப் பையன் பக்கத்துக்குள்ள அடங்குற மாதிரி கொஞ்சம் சுருக்கிட்டான். நான் கவனிக்கல. ரெண்டு வாரம் கழிச்சு இறக்கையை உடம்புமேல வச்சா, அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இருந்துச்சு. அதனால பிளான்ல அளவு தெரிஞ்ச ஒரு கோட்டை ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. நீளவாக்குல ஒரு தடவை, அகலவாக்குல ஒரு தடவை. சில பிரிண்டர் ஒரு பக்கம் மட்டும் இழுத்துரும்.

இப்ப மரம். முதல் திருடன் இங்கதான் இருக்கான்.

பால்சாங்கிறது ஸ்பானிஷ் மொழியில தெப்பம். பெரும்பாலும் ஈக்வடார்ல இருந்து வருது. ஒரு கன மீட்டர் தேக்கு 650 கிலோ அளவுக்கு வரும்னா, நல்ல பால்சா 100 கிலோதான். ஆனா எல்லா பால்சாவும் நல்ல பால்சா கிடையாது. ஒரே கடையில, ஒரே கட்டுல 100 கிலோ மரமும் இருக்கும், 200 கிலோ மரமும் இருக்கும். பார்க்க ஒண்ணுபோலவே இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்றேன். ஒன்றரை மில்லிமீட்டர் கனம், 7.5 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் நீளம் உள்ள தகடு ஒண்ணு எடுங்க. அதோட கன அளவு சுமார் 100 கன சென்டிமீட்டர். அதனால தராசு எத்தனை கிராம் காட்டுதோ, அதைப் பத்தால பெருக்கினா ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துரும். 10 கிராம் காட்டினா 100 கிலோ மரம், வாங்குங்க. 16 கிராம் காட்டினா 160 கிலோ, கீழே வைங்க. தராசைப் பையில போட்டுக்கிட்டு கடைக்குப் போறதுல வெட்கமே வேண்டாம்.

ஆனா எல்லா இடத்துக்கும் லேசான மரம் சரிவராது. உடம்போட நாலு மூலைக் குச்சியும், இறக்கையோட நீளவாக்குல ஓடுற ஸ்பார்ங்கிற முக்கியக் குச்சியும் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும். வால், விலா, மூலைத் துண்டு இதெல்லாம் இருக்கிறதுலயே லேசானதுல வெட்டுங்க. வெட்டுன விதமும் முக்கியம். சில தகடு அகலவாக்குல லேசா வளைச்சா வளையும். அது குழாய் மாதிரி உருட்டி ஒட்டுற இடத்துக்கு. சில தகட்டுமேல மீன் செதில் மாதிரி சின்னச் சின்னப் புள்ளி மின்னும், வளைக்கப் பார்த்தா விறைப்பா நிக்கும். விலா வெட்ட அதுதான்.

முதல் விமானத்துல நான் கையில கிடைச்ச மரத்தையெல்லாம் போட்டேன். தோராயக் கணக்குதான், அதுலயே 11 கிராம். மிச்சம் 30 கிராமைத் தேடணும்.

கட்ட ஆரம்பிக்கலாம். மேசை மட்டமா இருக்கான்னு பாருங்க. குண்டூசி இறங்குற மாதிரி மென்மையான ஒரு பலகை, அதுமேல பிளான், அதுமேல சமையலறையில சாப்பாடு மூடுற மெல்லிய பிளாஸ்டிக் தாள். இல்லன்னா விமானம் பிளானோட ஒட்டிக்கும். குண்டூசியைக் குச்சிக்குள்ள குத்தாதீங்க. ரெண்டு பக்கமும் அணைச்சுக் குத்துங்க.

உடம்போட ரெண்டு பக்கச் சட்டத்தையும் தனித்தனியா கட்டக்கூடாது. ஒண்ணு மேல ஒண்ணா, ஒரே இடத்துல கட்டணும். அப்பத்தான் ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். காய்ஞ்சதும் நடுவுல பிளேடு விட்டுப் பிரிச்சிரலாம். அப்புறம் மேல்பார்வைப் படத்துமேல ரெண்டையும் நிமிர்த்தி, குறுக்குக் குச்சி கொடுத்து இணைக்கணும். இங்க தச்சர் வச்சிருக்கிற மூலைமட்டம் வேணும். கேபின் பக்கம் முதல்ல சதுரமா நிக்கட்டும். அப்புறம்தான் வால் பக்கம் ரெண்டையும் இழுத்துச் சேர்க்கணும். அவசரப்பட்டா உடம்பு வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சிரும். அப்படி வளைஞ்ச உடம்பைப் பின்னால நேராக்க வழி கிடையாது.

விலாவை ஒண்ணொண்ணா வெட்டினா ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி இருக்கும். ரெண்டு பிளைவுட் அச்சு வெட்டி, நடுவுல பால்சா துண்டுகளை அடுக்கி, இறுக்கிப் பிடிச்சு ஒரே தடவையில தேய்ச்சு எடுங்க. கப்போட இறக்கை வேரிலிருந்து முனை வரைக்கும் ஒரே அகலம். அதனால பெரும்பாலான விலா ஒரே அளவுதான். இதுவும் கப்பைத் தேர்ந்தெடுத்ததுக்கு ஒரு காரணம்.

பசைக்கு வெள்ளை ஃபெவிகால் போதும். குச்சி முனையில ஒரு தொடு, ஊசிமுனை அளவு. வழிஞ்சு வெளிய தெரியுதுன்னா அதிகம். 'கொஞ்சம் கூடப் போட்டா கெட்டியா இருக்கும்ல'ன்னு மனசு சொல்லும். கேக்காதீங்க. கெட்டி வர்றது பசையால இல்ல, ரெண்டு குச்சியும் இடைவெளி இல்லாம ஒட்டி உட்கார்றதால. நான் சரியா வெட்டாத இடைவெளியையெல்லாம் பசையால அடைச்சேன். அது 6 கிராம்.

அடுத்த திருடன் நேரடியா வரமாட்டான், ஆள் வச்சு வருவான். வாலைப் பாருங்க. விமானம் எந்தப் புள்ளியில பிடிச்சா சமமா நிக்கணுமோ, அந்தப் புள்ளியில இருந்து வால் சுமார் 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. மூக்கு வெறும் 8 சென்டிமீட்டர். சந்தையில பழைய தூக்குக்கோல் தராசு பார்த்திருக்கீங்களா? அதே கதைதான். வால்ல 1 கிராம் கூடினா, மூக்குல 3 கிராம் களிமண் வைக்கணும். என் முதல் விமானத்தோட வால் 3 கிராம் கனம் அதிகம், அது மரம், பசைக் கணக்குலயே வந்தாச்சு. மூக்குல 10 கிராம் களிமண் அப்பினேன். அதுவரைக்கும் 27 கிராம். இன்னும் 14 பாக்கி.

இப்ப கட்டி முடிச்ச சட்டம், எலும்புக்கூடு மாதிரி நிக்குது. எல்லாரும் அடுத்து தாள் ஒட்டணும்னு துடிப்பாங்க. நில்லுங்க. அழகு வர்றதும் கெடுறதும் இந்த இடத்துலதான்.

(காட்சி: கட்டையில் ஒட்டிய உப்புத்தாள் இறக்கைச் சட்டத்தின்மேல் மெதுவா நகருது.)

நேரான ஒரு கட்டையில உப்புத்தாள் ஒட்டி வச்சுக்கங்க. விரலால தேய்ச்சா மேடு மேடாவே இருக்கும், பள்ளம் பள்ளமாவே ஆகும். கட்டையால தேய்ச்சாத்தான் சமமாகும். முதல்ல 220 நம்பர் தாள், அப்புறம் 400. கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டிப் பாருங்க. கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது. ஒரு மணல் அளவு பசைத் துளி நின்னாலும், அதுமேல இறுகுற தாள் அதைக் கூடாரக் கம்பு மாதிரி தூக்கிக் காட்டும். நிறம் மறைச்சிரும்னு நினைச்சேன். நிறம் எதையும் மறைக்காது, காட்டித்தான் கொடுக்கும்.

தாளுக்கு வருவோம். ஜப்பான் டிஷ்யூ தாள்ல நீளமான செடி நார் இருக்கு, அதனால நனைஞ்சாலும் சுலபமா கிழியாது. ஒரு சதுர மீட்டர் சுமார் 12 கிராம்தான். நம்ம இறக்கையை மேலயும் கீழயும் மூட 2 கிராம்கூட ஆகாது. இந்தத் தாளுக்கும் நார்த்திசை இருக்கு. ஓரத்துல லேசா கிழிச்சுப் பாருங்க. நேரா கிழியுற பக்கம்தான் நார் ஓடுற பக்கம். அது இறக்கையோட நீளவாக்குல போகணும். மாத்தி ஒட்டினா விலாவுக்கு விலா தொய்வு விழும்.

சட்டத்தோட ஓரத்துல மட்டும் டோப் தடவி ஒட்டுங்க. மேல்பக்கம், கீழ்ப்பக்கம் தனித்தனித் துண்டு. ஒட்டி முடிச்சதும் தண்ணியைப் பனி மாதிரி தெளிங்க. நம்பவே மாட்டீங்க. தொளதொளன்னு கிடந்த தாள், காய காய மிருதங்கத் தோல் மாதிரி இறுகும். அந்த இறுக்கம்தான் ஆபத்தும். இறக்கையை அது முறுக்கிரும். அதனால காயுற வரைக்கும் பலகையோட அழுத்தி வைங்க. அப்படி வைக்கும்போது ரெண்டு இறக்கை முனையிலயும் பின்விளிம்புக்கு அடியில 2 மில்லிமீட்டர் குச்சி ஒண்ணு கொடுங்க. முனை லேசா கீழ்நோக்கிப் பார்க்கும். மெதுவாப் போகும்போது இறக்கை முனை முதல்ல கைவிடாம இருக்க இதுதான் காப்பு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கம் மட்டும் முறுக்கினா விமானம் சுருண்டு விழும்.

அதுக்கப்புறம் டோப். பாதிக்குப் பாதி தின்னர் கலந்து ரெண்டு கை, மென்மையான பிரஷ்ல. டோப் காய்ஞ்ச பின்னாலயும் மாசக்கணக்கா இறுகிக்கிட்டே இருக்கும். அதை அடக்க, கலவையில சில சொட்டு விளக்கெண்ணெய் விடுவாங்க. ஆமா, நம்ம பாட்டி வயித்துக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். பழைய காலத்திலிருந்து உலகம் முழுக்க மாதிரி விமானம் கட்டுறவங்க இதைத்தான் கலக்கறாங்க.

ரெண்டு எச்சரிக்கை. டோப் சட்டுனு தீப்பிடிக்கும், ஆவியும் நல்லதில்ல. ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல ஊதுபத்திகூட வேண்டாம். ரெண்டாவது, காத்துல ஈரம் அதிகம் இருக்கிற நாள்ல அடிச்சா, காயும்போது வெள்ளையா பூஞ்சை பூத்த மாதிரி ஆயிரும். சென்னையில ஐப்பசி, கார்த்திகையில டோப் டப்பாவைத் திறக்காம இருக்கிறது நல்லது.

இப்ப நிறம். கடைசித் திருடன், பெரிய திருடன். முதல் விமானத்துக்கு நான் வெள்ளைத் தாள் ஒட்டி, மேடு பள்ளம் தெரியாம இருக்கப் புட்டி தேய்ச்சு, கடையில விக்கிற ஸ்ப்ரே டப்பாவுல மஞ்சள் அடிச்சேன். அடியில வெள்ளைத் தாள் தெரியுதேன்னு இன்னொரு கை. பளபளப்புக்கு ஒரு கை. அங்க போச்சு 14 கிராம். மொத்தம் 41. கணக்கு சரியாப் போச்சு.

ரெண்டாவது விமானத்துக்கு மஞ்சள் டிஷ்யூ தாளே வாங்கி ஒட்டிட்டேன். நிறத்தோட எடை பூஜ்யம். பக்கவாட்டுல ஓடுற மின்னல் கோட்டைக் கருப்பு டிஷ்யூவுல வெட்டி, டோப் தின்னரால ஒட்டினேன். பதிவு எழுத்தும் அப்படித்தான். கதவோட கோடு, சுக்கானோட இடைவெளி எல்லாம் மெல்லிய பேனாவுல. ஒளி ஊடுருவுறது பிடிக்கலன்னா, தாளை ஒட்டுறதுக்கு முன்னாலயே ஏர்பிரஷ்ல ஒரே ஒரு மெல்லிய மூட்டம் கொடுக்கலாம். நிறத்தையும் நிஜத்தைவிட ஒரு துளி வெளிறினதா வைங்க. தூரத்துல நிக்கிற எதுவும் காத்து வழியா வெளிறித்தானே தெரியும்? சின்ன மாதிரின்னா, தூரத்துல இருக்கிற பெரிய விமானம். பளபளப்பும் அப்படித்தான். கண்ணாடி மாதிரி மின்னினா பொம்மைன்னு காட்டிக் கொடுத்துரும்.

நுணுக்கங்களைச் சீக்கிரம் சொல்லிடறேன். கப்போட மூக்குல ரெண்டு பக்கமும் எஞ்சின் சிலிண்டர் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், மொத்தம் நாலு. பால்சா உருளையில தையல் நூலை நெருக்கமா சுத்தி, கருப்பு அடிச்சா, காத்துல குளிர்றதுக்கு இருக்கிற செதில் அப்படியே வந்துரும். கேபின் கண்ணாடிக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதை ஃபெவிகால்லதான் ஒட்டணும். உடனடிப் பசை போட்டா புகை படிஞ்ச மாதிரி மங்கிரும். புரொப்பல்லர்ல மட்டும் நிஜத்தை விட்டுக்கொடுக்கணும். சுருக்கின அளவு சுமார் 11 சென்டிமீட்டர்தான் வரும், ரப்பரோட மெதுவான முறுக்குக்கு அது போதாது. பறக்க 20 சென்டிமீட்டருக்கு மேல ஒண்ணு, அலமாரியில நிக்க அளவுக்குச் சின்னதா இன்னொண்ணு. ரெண்டையும் செஞ்சு வச்சுக்கங்க.

கடைசியா, பறக்க விடுறது. பிளான்ல குறிச்ச சமநிலைப் புள்ளியில ரெண்டு விரல் நுனியில தூக்குங்க. மட்டமா நிக்கணும். காத்து இல்லாத விடிகாலை, புல்லு வளர்ந்த மைதானம். ரப்பரை முறுக்காம லேசா தள்ளி விடுங்க. எறியக்கூடாது, கையிலிருந்து வழுக்கி விடணும். மேல ஏறி, தயங்கி, தலைகுத்தி இறங்கினா மூக்குக்குத் துளி களிமண். நேரா குத்தினா கொஞ்சம் எடுங்க. சரியா மிதந்து வந்த பின்னாலதான் ரப்பர். முதல்ல நூறு சுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. புரொப்பல்லர் ஒரு பக்கம் சுத்தினா உடம்பு எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். அதுக்குத்தான் மூக்குக் கட்டையை ஒரு சின்ன அட்டைத் துண்டு வச்சு வலதுபக்கம் சாய்க்கிறது. ரப்பர் வேகத்துல மூக்கு மேல தூக்காம இருக்க, கீழ்ப்பக்கமும் கொஞ்சம் சாய்க்கணும்.

இது புது வித்தை இல்ல. 1871-ல பாரிஸ் நகரத்துல, துய்லரி தோட்டத்துல அல்ஃபோன்ஸ் பெனோ முறுக்கின ரப்பர்ல ஒரு மாதிரி விமானத்தை 11 நொடி பறக்க விட்டார். அவரோட வித்தையில செஞ்ச ஒரு பொம்மையைத்தான் ரைட் சகோதரர்களோட அப்பா 1878-ல வீட்டுக்கு வாங்கிட்டு வந்தார். மனுஷன் எஞ்சின் வச்ச விமானத்துல பறக்கிறதுக்கு முன்னாலயே ரப்பர் பறந்துருச்சு.

இப்ப உங்களுக்கு ஒரு வேலை. முழு விமானத்தையும் இன்னைக்கே ஆரம்பிக்காதீங்க. ஒரு கப் பிளானை எடுத்து, அளவு சரிபார்த்து, இந்த ஞாயித்துக்கிழமை வாலை மட்டும் கட்டுங்க. நாலஞ்சு குச்சிதான். தேய்ச்சு, தாள் ஒட்டாம, தராசுல வைங்க. 67 சென்டிமீட்டர் இறக்கைக்கு என்னோட வாலின் சட்டம், கிடையும் நிமிர்வும் சேர்த்து 2 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. உங்களோடது எத்தனை வந்துச்சுன்னு கீழே எழுதுங்க. 4 கிராம் வந்திருந்தா, கூசாம அதைத் தூக்கி வச்சுட்டு இன்னொண்ணு கட்டுங்க. நான் முதல் தடவை அதைத்தான் செய்யல.